மைதானம் அவர்களுக்கு, முகங்கள் எனக்கு

பலெர்மோ, செவ்வாய், மே 14, 1996

விடியற்காலையிலிருந்து சிறோக்கோ காற்று. சகாராப் பாலைவனத்தில் சரிபாதி இப்போது எங்கள் பல்கனியில். தோய்த்துப் போட்ட வெள்ளைச் சேட்டு மூன்றும் காவி. பிலோமினா அதற்கும் என்னைத்தான் ஏசினாள். ஆபிரிக்காவில் நின்று நானே ஊதிவிட்டேன் என்பதுபோல. கலியாணம் செய்த நாளிலிருந்து வானிலைக்குப் பொறுப்பு நான்.

காலை வேலை: ஐந்து மாடிப் படி, கூட்டித் துடைத்தது. நாலாம் மாடி நாய் மறுபடியும் படியை நனைத்துவிட்டது. பிறகு வீடியோ கமராவின் பற்றரி இரண்டும் சார்ஜில்.

ஏன் சார்ஜ் என்பதை முறையாகப் பதிந்து வைக்கிறேன், வரலாறு நாளைக்குக் கேட்கும். என் தங்கை றீற்றாவின் மகள் ஜெனி. வயது பதினேழு, சட்டை இலக்கம் ஒன்பது. ஒரேத்தோ வீதியில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் கரப்பந்து அணி மாகாண இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை ஆட்டம். எதிரே லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடுகளில் பாதியில் எங்கள் ஆட்கள்தான் சமைக்கிறார்கள். ஆகவே இது விளையாட்டல்ல, போர்.

ஜெனி அணியில் மேலதிக ஆட்டக்காரி. பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே வாங்கிலில் குந்தியிருப்பதுதான். நான் அதை இரகசிய ஆயுதம் என்று சொல்லி வருகிறேன்.

றீற்றா மொந்தெல்லோவில் ஒரு கிழவி சிஞ்ஞோராவோடு, வீட்டோடு வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் லீவு. தகப்பன் ஜெர்மனியில் வதிவிடப் பேப்பருக்காகக் காத்துக் கிடக்கிறான். பிள்ளை இங்கே அல்பெர்கேரியாவில் எங்களோடு. ஆட்டமெல்லாம் சனிக்கிழமை. மகள் பந்தைத் தொட்டதைத் தாய் ஒருநாளும் கண்டதில்லை. எனக்கும் சனி என்றால் யாருடையதாவது கலியாணம், முதல்நன்மை, வீடியோ. இந்த முறை ஒரு ஞானஸ்நானத்தைத் தள்ளிவிட்டு றீற்றாவுக்கு வாக்குக் கொடுத்தேன்: "முழு ஆட்டமும் கசற்றிலை வரும் பிள்ளை. பந்து ஒரு துள்ளல் துள்ளினாலும் விடமாட்டன்."

பின்னேரம் ஜெனி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"மாமா, கமரா கொண்டு வரேலாதாம்."

"ஆர் சொன்னது?"

"கோச். ரிவிக்காரர் உரிமை வாங்கியிட்டினமாம். எஸ்க்ளுசீவா. வேறை ஒருத்தரும் எடுக்கக்கூடாதாம். அம்மா அப்பாமாரும் கூடாது."

"நான் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மாமா."

"பாஸ்த்தா, போதும் மாமா! பகிடி இல்லை."

எந்த ரிவி என்று கேட்டேன். சொன்னாள். நாள் முழுக்கக் கட்டில் விற்கும் அந்த உள்ளூர்ச் சானல்! கட்டில், மெத்தை, மறுபடியும் கட்டில், நடுவில் சீட்டு வைத்துச் சாத்திரம் சொல்லும் ஒரு தலைப்பாகை. இனி இந்தக் குறிப்பேட்டில் அதன் பெயர் கட்டில்காரத் தொலைக்காட்சி, சுருக்கமாக க.தொ.

இந்தச் சிசிலித் தீவை அரபுக்காரர் ஆண்டார்கள். நோர்மன்காரர் ஆண்டார்கள். ஸ்பானியரும் ஆண்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவனாவது ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்ப்பதற்கு உரிமை எழுதி வாங்கினானா? கட்டில்காரன் வாங்கிவிட்டான்.

இரவு: கத்தரிக்காய்க் குழம்பு. கோபத்தில் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

புதன், மே 15

காற்று அடங்கியது. கோபம் அடங்கவில்லை.

வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில் அந்தோனிப்பிள்ளை. எனக்கும் அவனுக்கும் நீண்ட பகை. ஒரு கலியாண வீடியோவில் அவன் சாப்பிடுவதை எடுத்தேன். குறுக்கே யாரோ வாளியோடு போக, படத்தில் விழுந்தது முழங்கை மட்டும். கனடாவிலிருந்து தமையன் கேட்டானாம், "நீ கலியாணத்துக்குப் போகேல்லையோ?" என்று. அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. எங்கள் சனத்துக்குத் தாலி கட்டுவது வீடியோவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்தவர் முகம் இல்லாவிட்டால் வழக்கு.

இன்று அவனாகவே வந்து கதைத்தான்.

"என்ன சூசை, சனிக்கிழமை வீடியோவாம்?"

தடை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கட்டில்காரனுக்காக அந்தோனிப்பிள்ளைக்கு முன்னால் தலைகுனிவதா? "ஓம், வீடியோதான். முன் வரிசையிலை இரு. இந்த முறை முழு உடம்பும் வரும்" என்றேன்.

வீட்டில் சொன்னதும் பிலோமினா நெற்றியில் அடித்தாள். "கமரா விடக்கூடாதெண்டு சொன்ன இடத்துக்கு ஊரைக் கூட்டுறியளே அப்பா! உங்களுக்கு மண்டைக்குள்ளை என்ன இருக்கு?"

வீரம் இருக்கிறது.

வெள்ளி, மே 17

சிறு மழை. நாளைக்கு:
பற்றரி 2
புதுக் கசற் 1
ஜெனிக்குத் தோடம்பழம்
பொரித்த றோல்ஸ் (பிலோ நாற்பது என்கிறாள், எண்பது போடச் சொன்னேன்)
வாயிலில் கதைக்க இத்தாலியன் வசனங்கள், மரியாதையானவை
அதே வாயிலுக்கு, மரியாதை இல்லாதவை

றீற்றா போன் எடுத்தாள். சிஞ்ஞோரா அயர்ந்து தூங்கும் நேரம், குசுகுசுப்பு. "அண்ணை, அவளை இறக்குவினமோ?" "இறக்காமல்?" என்றேன். "இறக்கினால் அவள் நிக்கிற விதத்தை நல்லா எடுங்கோ. சின்னனிலை ஒரு பக்கமாச் சாஞ்சுதான் நிப்பாள். இப்பவும் அப்பிடியோ தெரியேல்லை." பிறகு கிழவியின் மணி அடித்தது. வைத்துவிட்டாள்.

தடை பற்றி நான் மூச்சு விடவில்லை.

சனி, மே 18

வெயில்.

விளையாட்டு மண்டப வாசலில் முதல் அதிர்ச்சி எங்கள் சனம். வீடியோ என்று நான் சொன்ன ஒரு சொல் வேலை செய்துவிட்டது. காஞ்சிபுரம், கழுத்து நிறையச் சங்கிலி, தலையில் பூ (பிளாஸ்ரிக்). ஆண்கள் கோட், சூட். அந்தோனிப்பிள்ளை ரை கட்டி, மகனின் கூலிங் கிளாஸ் போட்டு. வாயில்காரக் கிழவர் என்னைக் கேட்டார், "கலியாணம் யாருக்கு?" அவருக்கு ஒரு றோல் கொடுத்தேன்.

இரண்டாவது அதிர்ச்சி சால்வோ. க.தொ.வின் ஆள். கழுத்தில் அட்டை, கையில் அன்ரனா நீட்டிய போன், தலையில் ஒரு போத்தல் ஜெல். என் கமராவைத் தோளில் கண்டதும் எதிரிப் படையைக் கண்ட நெப்போலியன் மாதிரிப் பாய்ந்து வந்தான்.

"எடுக்க முடியாது. உரிமை எங்களுடையது."

"இது என் தங்கையின் மகள்."

"என் தங்கையின் மகள் என்றாலும் முடியாது. கோட்டுக்குள் நடப்பதெல்லாம் எங்களுடையது."

"கோட்டுக்கு வெளியே?"

சிரித்தான். "வெளியே என்ன இருக்கிறது? சனம்."

"சனத்தை எடுக்கலாமா?"

"சனத்தை யார் பார்ப்பான்? எடு. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நில். கமரா ஒரு தடவை திரும்பினால் கசற் என் கைக்கு வரும்." பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, தோளில் தட்டினான். "ஏன் கவலை? வியாழன் நான்கு மணிக்கு முழு ஆட்டமும் போடுகிறோம். முழுதும்."

வியாழன்! றீற்றாவின் லீவு. அந்த ஒரு சொல்லுக்காக அவனை மன்னித்தேன். பெரிய மனது எனக்கு.

ஆகவே உலகச் சரித்திரத்தில் முதல் முறையாக ஒரு வீடியோக்காரன் இறுதிப் போட்டிக்கு முதுகைக் காட்டி நின்றான். முதல் நான்கு செற்றும் எங்கள் சனம் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, கமராவைப் பார்த்தது. லென்ஸ் திரும்பும் பக்கமெல்லாம் நாடி உயர்ந்தது, முந்தானை சரியானது. அந்தோனிப்பிள்ளை இரண்டு முழங்கையையும் முன்னால் நீட்டி, முகத்தை நடுவில் வைத்து, கல்லறைச் சிலைபோல இருந்தான்.

இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது செற் தொடக்கத்தில் எங்கள் அணியில் ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் பிசகியது. பின்னால் கோச்சின் குரல்: "நோவே!" ஒன்பது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். இறங்கிவிட்டாள். கமராவைத் திருப்பவில்லை. திருப்பினால் கசற் சால்வோவின் கைக்குப் போகும். திருப்பவில்லை.

15–13. நாங்கள்! கடைசிச் சேர்வ் ஜெனியுடையது. அதை எழுத இந்தப் பேனாவுக்குத் தகுதி போதாது. வியாழன் எல்லோரும் பார்க்கட்டும்.

கசற்றை மேசை லாச்சியில் போட்டேன். பந்தே இல்லாத கசற். யாருக்கு?

திங்கள், மே 20

படி துடைப்பு. ஜெனியின் சேர்வ் பற்றி முதலாம் மாடிக்குச் சொன்னேன்: பந்து கூரையைத் தொட்டது. மூன்றாம் மாடிக்குப் போகும்போது கூரையில் ஓட்டை விழுந்துவிட்டது. ஐந்தாம் மாடி வக்கீலுக்குச் சொன்னபோது பந்து ஆபிரிக்கா போய் சிறோக்கோவோடு திரும்பி வந்தது. நாய் மட்டும் நம்பவில்லை.

வியாழன், மே 23

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் விடமாட்டேன்.

மூன்று மணிக்கே வீடு நிறைந்தது. கட்டிலில் ஐந்து பேர், தரையில் மிச்சம், வாசற்படியில் கீழ்வீட்டுச் சிசிலிக்காரி. றீற்றா பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் இன்னும் சவர்க்கார வாசம். முன்னால் தனிக் கதிரை போட்டு இருத்தினோம். கைப்பையை மடியில் வைத்தபடியே இருந்தாள், கோயிலில் இருப்பதுபோல. ஜெனி பின்னால், வெட்கத்தில் பிலோமினாவின் முதுகுக்குள்.

நான்கு மணி: கட்டில். நான்கேகால்: இன்னொரு கட்டில், லாச்சியோடு. அதற்குப் பிறகு ஆட்டம்.

ஒரே ஒரு கமரா, அதுவும் பணக்காரப் பிள்ளைகள் பக்கம். எங்கள் வாங்கில் திரையின் ஓரத்தில் வந்து வந்து போனது. ஜெனி என்று சொல்லத் தெரிந்தது ஒரு முழங்கை.

அந்தோனிப்பிள்ளை தரையிலிருந்து திரும்பிப் பார்த்தான். "இப்ப விளங்குதோ சூசை?"

விளங்கியது.

இரண்டாம் செற்றில் அறிவிப்பாளன் வாங்கிலைப் பார்த்து, "அங்கே ஒரு குட்டிப் பிலிப்பைன்ஸ்காரியும் இருக்கிறாள்" என்றான். அடேய்! பிறந்தது மன்னார், வளர்ந்தது பலெர்மோ, கோபம் வந்தால் ஏசுவது சுத்தச் சிசிலியன். பிலிப்பைன்ஸ் எங்கே வந்தது? வீடு துடைக்கும் ஆட்களெல்லாம் இவனுக்கு ஒரே நாடு. சாப்பிட்டுக்கொண்டிருந்த கடலையைத் திரைக்கு எறிந்தேன். ரிவி எங்களுடையது என்று பிலோமினா நினைவூட்டினாள்.

"ஐஞ்சாவதிலைதான் அம்மா நான்" என்று பின்னாலிருந்து ஜெனி. "பொறுங்கோ, வரும்."

இரண்டுக்கு இரண்டு. றீற்றா கதிரை நுனிக்கு வந்தாள்.

இசை. வெள்ளைக் கோட் போட்ட ஒருவன் மெத்தையில் குதித்துக்கொண்டு வந்தான். வசந்த கால மலிவு விற்பனை.

விளம்பரம் என்று நினைத்துக் காத்திருந்தோம். அவன் குதித்தான், குதித்தான், ஓயவே இல்லை. பிறகு தலைப்பாகைக்காரன் சீட்டுக் கலைத்தான். முதலில் எழும்பியது கீழ்வீட்டுக்காரி. "முடிந்தது, சிஞ்ஞோரி" என்றாள், செத்தவீட்டில் சொல்வதுபோல.

போன் அடித்தேன். ஒரு பெண்குரல்: ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது, அடுத்த நிகழ்ச்சி ஏற்கெனவே விற்றது. "முழுதும் என்று சொன்னீர்கள்!" என்றேன். "நான்கு செற் போட்டோமே, அது கொஞ்சமா?" என்றாள். தேவாலயத்தில் பூசையை அப்பம் பிட்கும் முன் நிறுத்திவிட்டு, பாட்டெல்லாம் பாடினோமே என்று கேட்பதுபோல.

றீற்றா எழும்பினாள். மகளின் முழங்கையைப் பிடித்துத் தடவினாள். "வளந்திட்டுது" என்றாள். எட்டு மணிக்குள் கிழவியிடம் போகவேண்டும். பஸ் நிறுத்தம் வரை போய் விட்டுவிட்டு வந்தேன். வழியில் அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். அதுதான் பொறுக்கவில்லை.

வெள்ளி, மே 24

படி துடைக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். உண்மைதான், கோபக் காய்ச்சல், நூற்றுப் பத்து.

நேரே க.தொ. ஒரு கராஜுக்கு மேல் இரண்டு அறை. உலகை ஆளும் பேரரசு இவ்வளவுதானா என்று இருந்தது. ஓர் அறையில் கட்டில். மற்ற அறையில் சால்வோ, பாண் தின்றுகொண்டு.

மரியாதையான வசனங்களை முதலில் எடுத்தேன். ஐந்தாவது செற் மட்டும், ஒரு கொப்பி, வெறுங்கசற் நான் தருகிறேன், ஒரு தாய்க்காக.

"அது இல்லை" என்றான்.

"எது இல்லை?"

"எங்களிடம் கசற் குறைவு. அதன் மேலேயே விற்பனையைப் பதிந்துவிட்டோம்."

ஜெனியின் சேர்வுக்கு மேல் ஒருவன் மெத்தையில் குதித்துவிட்டான்!

"மண்டபத்தில் எத்தனை பேர் கமராவோடு வந்தார்கள், அத்தனை பேரையும் தடுத்தாய். எதற்கு? அழிப்பதற்கா?"

"உரிமை எங்களுடையது, சிஞ்ஞோரே" என்றான். கோபமாகக்கூட இல்லை. சாதாரணமாக, வாயில் பாணோடு.

உரிமை என்றால் காட்டும் உரிமை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒருவரையும் பார்க்கவிடாமல் வைத்திருக்கும் உரிமையாம். கிணற்றை வாங்கி மூடி வைப்பவனுக்கு ஊர் ஒரு பெயர் வைக்கும். இங்கே அவனுக்குக் கழுத்தில் அட்டை.

மரியாதை இல்லாத வசனங்கள் ஆறு தயாராக இருந்தன. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தமிழில் ஏசிவிட்டு வந்தேன். "இந்தா" என்று மேசையிலிருந்த ஒரு கட்டில் படப் புத்தகத்தை நீட்டினான். வாங்கவில்லை.

வாங்கினேன். தெருவில் வந்து கிழித்தேன்.

ஞாயிறு, மே 26

வெயில், ஆனால் மென்மை. பூசை. மீன் குழம்பு, சோறு, பொரித்த மிளகாய். றீற்றா காலையிலேயே வந்துவிட்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும், "அண்ணை, அண்டைக்கு நீங்கள் எடுத்ததைப் போடுங்கோவன்" என்றாள்.

"அதிலை பந்து இல்லை பிள்ளை. ஆக்கள்தான்."

"பரவாயில்லை. ஆக்களைப் பாப்பம்."

ஜெனி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் பிலோமினாவும் றீற்றாவும்தான். போட்டேன். முதல் நான்கு செற்: சேலை, சங்கிலி, அசையாத சனம். றீற்றா சிரித்தாள். "ஆருடைய கலியாணம் அண்ணை?" ஓட்டி ஓட்டி ஐந்தாவதுக்கு வந்தேன்.

சத்தத்தில் கோச்சின் "நோவே!" கேட்டது.

திரையில் எங்கள் சனம் எல்லாம் ஒரேயடியாக நிமிர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் அன்று தோளில் கமராவோடு நின்றும் கவனிக்கவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எத்தனையோ கலியாணம், எத்தனையோ முதல்நன்மை எடுத்திருக்கிறேன். கமராவை மறந்த ஒரு முகம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. இங்கே வரிசை வரிசையாக. தலைகள் இடம் போயின, வலம் போயின. பந்து விழும் சத்தம், சப்பாத்துக் கீச்சுச் சத்தம், எல்லாம் இருந்தன.

றீற்றா கதிரையை விட்டுத் தரையில் வந்து திரைக்குக் கிட்ட இருந்தாள்.

"இப்ப பந்து எங்கடை பக்கம்" என்றாள். தலைகள் இடப்பக்கம். "ஆ… தவற விட்டிட்டினம். பிலோ மச்சாள் வாயைப் பொத்திறா."

"நான் பொத்தேல்லை" என்றாள் பிலோமினா. பொத்தினாள், திரையில்.

"இது ஆர் அடிச்சது?"

"நீயே பார்" என்றேன்.

அந்தோனிப்பிள்ளை கூலிங் கிளாஸைக் கழற்றி எறிந்துவிட்டு, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத சிசிலிக்காரனின் தோளை உலுப்பினான்.

"இது அவள்தான்!" றீற்றா கத்தினாள். "அவள் அடிச்சால்தான் இந்த ஆள் இப்பிடி…"

12–12. 13–13. முகங்களில் எழுதியிருந்தது, வாசித்தாள். ஒரு புள்ளி பிழைக்கவில்லை. 14–13க்கு எல்லோரும் எழும்பி நின்றார்கள். பிறகு முழு மண்டபமும் மூச்சை அடக்கியது. கடைசிச் சேர்வ்.

திரையில் கூரை. ஒரு மின்குமிழ். என் நாடியின் அடிப்பக்கம்.

கமராவைத் திருப்பாதே என்றுதானே சொன்னான்? அதைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் திரும்பியிருக்கிறேன். லென்ஸ் வானத்தைப் பார்த்திருக்கிறது. மின்குமிழ் ஆடியது. ஒரு அடிச் சத்தம். பிறகு உலகம் இடிந்து விழும் சத்தம்.

தலையில் கை வைத்தேன். உள்ளூரில் முழங்கைக்குப் பெயர் எடுத்தவன், இப்போது நாடிக்கு.

றீற்றா திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தன்."

"அப்ப சொல்லுங்கோ. புழுகாமல்."

பிலோமினா வாயைத் திறந்தாள், மூடினாள்.

சொன்னேன். பந்தை நிலத்தில் இரண்டு தரம் தட்டினாள். இடப்பக்கம் சாய்ந்து நின்றாள். ஓம், இப்பவும் அப்படித்தான். கீழுதட்டைக் கடித்தாள். மேலே எறிந்து அடித்தாள். பெரிய அடி இல்லை. பந்து வலைக்கு மேலால் போய் அங்கே இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இறங்கியது. இவள் எடுப்பாள் என்று அவள் நின்றாள், அவள் எடுப்பாள் என்று இவள். விழுந்துவிட்டது. ஜெனி கையைத் தூக்கவில்லை. உண்மையோ என்று கேட்பதுபோல முதலில் எங்கள் பக்கம் பார்த்தாள், பிறகுதான் சிரித்தாள்.

அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை. கூரை பத்திரமாக இருந்தது.

றீற்றா திரையில் அந்த மின்குமிழை விரலால் தொட்டாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். இரண்டாம் முறை பந்து கொஞ்சம் கூடுதலாக உயரம் போயிருக்கலாம்.